டெக்சாஸ் சொத்து வரி: மதிப்பை எதிர்த்துப் போனால் பில் குறையுமா?

மாடிவீட்டுக்காரன்:
டெக்சாஸில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. நேற்று கவுண்டி (மாவட்டம் மாதிரி) மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தது. சந்தை மதிப்பு 4,52,000 டாலராம். போன வருடம் 3,80,000. இடையில் நான் வீட்டுக்குச் செய்ததெல்லாம் அஞ்சல் பெட்டிக்குப் பெயின்ட் அடித்ததுதான். கூடவே ‘வரிக்கான மதிப்பு 4,18,000’ என்று இன்னொரு எண். எதை எதிர்ப்பது? நமக்காக எதிர்த்து வாதாடும் கம்பெனிக்காரர்கள் மிச்சமாவதில் பங்கு கேட்கிறார்கள். நானே போகலாமா?

பழைய குடித்தனக்காரர்:
தாராளமாக. முதலில் அந்த எண்கள். ஹோம்ஸ்டெட் விலக்கு (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) இருக்கிற வீட்டுக்கு, வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அப்படித்தான் 3,80,000 போய் 4,18,000 ஆகியிருக்கிறது. ஆகவே 4,52,000-ஐ 4,30,000 ஆக்கித் தந்தால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், இந்த வருட பில்லில் ஒரு காசு குறையாது. 4,18,000-க்குக் கீழே இறங்கினால்தான் உண்டு. முதல் வருடம் நான் இதில்தான் ஏமாந்தேன். எல்லோருக்கும் போன் போட்டுப் பெருமையடித்த பிறகு பில் வந்தது.

மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அதுதான் கெடு. புரோட்டஸ்டை, அதாவது ஆட்சேப மனுவை, உடனே போட்டுவிடுங்கள், ஆதாரம் அப்புறம் சேர்க்கலாம். ‘சந்தை மதிப்பு அதிகம்’, ‘அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டால் சமமில்லை’ இரண்டையும் டிக் செய்யுங்கள். இங்கே வீடு விற்ற விலை பொதுப் பதிவில் வராது, ஆனால் பக்கத்து வீடுகளின் மதிப்பு மதிப்பீட்டு அலுவலகத்தின் இணையதளத்திலேயே கிடக்கும்.

கணக்குப்புலி:
உங்கள் வீட்டுப் பதிவில் சதுர அடியைப் பாருங்கள். எங்கள் ஹாலுக்கு மேலே திறந்திருக்கும் வெற்றிடத்தையும் மாடி அறையாக எண்ணியிருந்தார்கள். காற்றுக்கு வரி கட்டிக்கொண்டிருந்தேன்.

மாடிவீட்டுக்காரன்:
அட, இங்கேயும் அதே கதை! பதிவில் 2,784, பில்டர் பிளானில் 2,610. அஸ்திவாரம் இறங்கிச் சுவரில் விரிசலும் இருக்கிறது. ரிப்பேர் எஸ்டிமேட் வாங்கட்டுமா?

பழைய குடித்தனக்காரர்:
வாங்குங்கள். ஆனால் ஜனவரி 1 அன்று வீடு இருந்த நிலைதான் கணக்கு. அதற்கு முந்தைய போட்டோ தேடுங்கள். அவர்கள் தரப்பு ஆதாரத்தையும் எழுதிக் கேளுங்கள், விசாரணைக்கு 14 நாள் முன்னதாகத் தந்தாக வேண்டும். அப்புறம், வரி கட்ட முடியவில்லை என்று அங்கே புலம்பாதீர்கள். வரி விகிதம் மனுவை விசாரிக்கும் குழுவின் கையில் இல்லை.

மாடிவீட்டுக்காரன் (ஜூலையில்):
முடிந்தது! முதலில் போனில் 4,35,000 என்றார்கள். நீங்கள் சொல்லியிராவிட்டால் சரியென்று தலையாட்டியிருப்பேன். குழுவில் மூன்று பேர், கால் மணி நேரம். பிளானை நீட்டியதும் சதுர அடியில் தகராறே இல்லை. விரிசல் எப்போது வந்தது என்றுதான் குடைந்தார்கள். போன தீபாவளிக்கு அம்மா மத்தாப்போடு நிற்கும் படம், பின்னால் சுவரில் அந்தக் கோடு. பெரிதாக்கிக் காட்டினேன். 4,02,000! 16,000 குறைவு, இங்கே எல்லா வரியும் சேர்த்து சுமார் 2 சதவீதம், ஆக 320 டாலர் மிச்சம்.

அஸ்திவார எஸ்டிமேட் 9,000. அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.