முயலுக்குச் சிறுநீர் தானாகக் கசியுது, தொடையெல்லாம் புண்: என்ன செய்யலாம்?

பஞ்சுவால்:
எல்லாருக்கும் வணக்கம். பெண் முயல், நியூசிலாந்து வெள்ளை கலப்பு, 5 வயசு, 3 கிலோ. கருப்பை ஆபரேஷன் செய்யல. ட்ரேயில போய்ப் பழகினதுதான், இப்போ உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் ஈரம். உள்தொடை முடி சடையா ஒட்டி, கீழே தோல் சிவந்திருக்கு. ஈரம் காய்ஞ்சா தரையில வெள்ளையா மாவு படியுது. நல்லா சாப்பிடுது, தாவுது, கால் இழுக்கல. தீனி: காலையில அகத்தி, முருங்கைக்கீரை, சாயங்காலம் பெல்லட், கொஞ்சம் கேரட். கம்பி வலைத் தளம் போட்ட கூண்டு, பாட்டில் தண்ணி. மதுரையில இருக்கோம்.
மருந்துக் கடையில அமாக்ஸிசிலின் சொட்டும், கல்லுக்குத் தர்ற சிட்ரேட் சிரப்பும் கொடுக்கச் சொல்றாங்க. கொடுக்கலாமா? டயப்பர் போட்டு விட்டா போதுமா?

கொல்லைமேடு:
அமாக்ஸிசிலினை வாய் வழியா கண்டிப்பா கொடுக்காதீங்க. அது, ஆம்பிசிலின், லின்கோமைசின், கிளின்டமைசின் எல்லாமே முயல் குடல்ல தீனியைப் புளிக்க வைக்கிற நல்ல பாக்டீரியாவைக் கொன்னுட்டு, க்ளாஸ்ட்ரிடியம்ங்கிற கெட்ட பாக்டீரியா பெருக வழி விடும். கழிச்சல் கண்டு ரெண்டு மூணு நாள்லயே முயல் செத்துப் போகலாம். தொற்றுன்னு உறுதியானா என்ரோஃப்ளாக்ஸசின் அல்லது ட்ரைமெத்தோப்ரிம்-சல்ஃபா, அதுவும் டாக்டர் எழுதினா. சிட்ரேட் சிரப் மனுஷங்க சிறுநீரைக் காரமாக்கத் தர்றது. முயல் சிறுநீர் பிறவியிலேயே காரம், பிஹெச் 8-9. அதை இன்னும் காரமாக்கி என்ன செய்யப் போறோம்? வாழைத்தண்டுச் சாறும் யாராவது சொல்வாங்க. அதை சிரிஞ்சில அடிச்சு விடறதுல மூச்சுக்குழாய்க்குள்ள போற ஆபத்துதான் மிச்சம்.

இப்போ கசிவுக்கு வருவோம். சிறுநீர்ப் பை நிறைஞ்சு வழியுதா, பை சின்னதா இருக்கும்போதே ஒழுகுதா? இதுதான் முதல் கேள்வி. நிறைஞ்சு வழிஞ்சா நரம்புக் கோளாறு (முதுகெலும்பு அடி, என்செபாலிடோசூன் கிருமி) அல்லது கல் அடைப்பு. சின்னதா இருந்தே ஒழுகினா பைக்குள்ள எரிச்சல், இல்லன்னா மூடுற தசையில வலு குறைவு. இந்தத் தசை வலுக்குறைவு பெரும்பாலும் கருப்பை எடுத்த பெண் முயலுக்கு வர்றது, உங்களுக்குப் பொருந்தாது. நின்னுகிட்டே சுவத்துல பீச்சி அடிச்சா அது எல்லை குறிக்கிற குணம், கசிவே இல்ல. நீங்க சொன்ன வெள்ளை மாவும் தீனிப் பட்டியலும் ஒரே பக்கம்தான் கை காட்டுது: பைக்குள்ள சுண்ணாம்பு வண்டல்.

காரணம் முயலோட உடம்பு கால்சியத்தைக் கையாளுற விதம். மத்த பிராணிங்க தேவைக்கு அளந்துதான் குடல்ல உறிஞ்சும். முயல் கிடைச்சதையெல்லாம் உறிஞ்சிட்டு மிச்சத்தைச் சிறுநீரகத்துகிட்ட தள்ளிடும். மத்த பாலூட்டிகள்ல 2 சதவீதத்துக்கும் கம்மியா சிறுநீர்ல போற கால்சியம், இதுல 45-லேர்ந்து 60 சதவீதம் வரைக்கும் போகுது. அதனால லேசா கலங்கின சிறுநீர் இயல்புதான். பற்பசை பதத்துக்குக் கெட்டியானாத்தான் வியாதி. அகத்தியில 100 கிராமுக்கு 1130 மில்லிகிராம் கால்சியம், முருங்கைக்கீரையில 440. ஒரு 3 கிலோ முயலுக்கு நாள் முழுக்கத் தேவைப்படறது சுமாரா 600 மில்லிகிராம். 50 கிராம் அகத்தியே அதைக் கிட்டத்தட்ட முடிச்சிடுது. அதுக்கு மேல முருங்கை, அதுக்கும் மேல பெல்லட். பெல்லட் பையில 'அல்ஃபால்ஃபா'ன்னு போட்டிருந்தா அது நம்ம குதிரை மசால்தான், அதுவும் கால்சியக் கிடங்கு.

வெட்_நெல்லை:
மேலே சொன்னது சரி. ஆனால் ஊகத்தில் நிற்க வேண்டாம், எக்ஸ்ரே அவசியம். கால்சியம் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் என்பதால் வண்டல், கல், முதுகெலும்புத் தேய்மானம் மூன்றையும் ஒரே படத்தில் பார்த்துவிடலாம். முயலையே பார்க்காத மருத்துவராக இருந்தாலும் பக்கவாட்டில் ஒன்று, மல்லாக்க ஒன்று என இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஆசனவாய்க்குப் பக்கத்தில் சிறுநீர்க்குழாயில் மாட்டிய கல் படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தவறிப் போகும். பின்புறம் முழுவதும் படத்துக்குள் வரவேண்டும்.

5 வயதுப் பெண் முயல், கருப்பையும் இருக்கிறது என்பதால் கூடவே ஸ்கேன். 4 வயதைத் தாண்டிய முயல்களில் கருப்பைப் புற்று மிகச் சாதாரணம். சிறுநீரோடு ரத்தம் வந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிப்போம். சிறுநீர் சிவப்பாக இருந்தாலே ரத்தம் என்று பதற வேண்டாம், தாவர நிறமிகளால் ஆரஞ்சு, செங்கல் நிறம் வரை வரும். டிப்ஸ்டிக் (சிறுநீர்ச் சோதனைப் பட்டை) நனைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என்செபாலிடோசூன் கிருமியால் நரம்புக் கோளாறு என்று தெரிந்தால் ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 20 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 28 நாள். ஆடுகளுக்குத் தரும் 2.5 சதவீதக் கரைசலில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கும். 3 கிலோ முயலுக்கு 2.4 மில்லி. கடையில் பல செறிவுகளில் கிடைப்பதால் லேபிளைப் படித்துக் கணக்குப் போடுங்கள். அளவு மீறினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கும். வலிக்கு மெலாக்ஸிகாம் நல்ல மருந்து. ஆனால் சிறுநீரகப் பரிசோதனை பார்க்காமல், நீர்ச்சத்துக் குறைந்த முயலுக்குக் கொடுக்கக் கூடாது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு, ஊசி இரண்டும் முயலுக்கு ஆகாது. புண்ணுக்கு வீட்டில் கிடக்கும் தோல் களிம்பைப் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. பல களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும்.

போவதற்கு முன் தண்ணீரை அளந்து வையுங்கள். கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50-லிருந்து 150 மில்லி வரை இயல்பு. உங்கள் முயல் 450 மில்லியைத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ரத்தப் பரிசோதனையும் சேர்த்துக் கேளுங்கள்.

பஞ்சுவால்:
ரொம்ப நன்றி. எக்ஸ்ரேவுக்கு நாள் வாங்கியாச்சு. அதுவரைக்கும் தொடைப் புண்ணை எப்படிப் பார்க்கறது? அகத்தி, முருங்கையை ஒரேயடியா நிறுத்தலாமா? டயப்பர் பத்தி யாரும் சொல்லலையே.

கூண்டுக்காரர்:
டயப்பர் கடைசி வழிங்க. முயல் விடியக்காலையில மென்புழுக்கையை ஆசனவாயிலிருந்தே வாய் வச்சு எடுத்துத் தின்னணும், பி வைட்டமின் அதுலதான் இருக்குது. டயப்பர் கட்டினா அது நின்னு போகும். நம்ம ஊரு வெக்கைக்கு உள்ளே ஈரம் புழுங்கி, புண்ணு ரெண்டு மடங்காகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற ரெண்டு மணி நேரத்துக்கு, பிறந்த குழந்தை சைஸ்ல வாலுக்கு ஓட்டை போட்டு மாட்டலாம். அதுக்கு மேல வேண்டாங்க.

பின்பக்கம் கழுவுறது இப்படி. அகலமான பேசின்ல ரெண்டு விரல் உயரம் வெதுவெதுப்பான தண்ணி, அடியில துண்டு விரிச்சிருக்கணும். வழுக்கினா முயல் உதைக்கும், அந்த உதையிலேயே முதுகெலும்பு முறியும். பின்பாகத்தை மட்டும் இறக்கி, மார்புக்கு அடியில ஒரு கை கொடுத்து, இன்னொரு கையால தண்ணி மொண்டு ஊத்துங்க. சோப்பு, டெட்டால் எதுவும் கூடாது. சடையைப் பிச்சு இழுக்காதீங்க, ஊறினதும் தானா விடும். முயல் தோல் காகிதம் மாதிரி, இழுத்தா கிழியும். அதனால முடி எடுக்கக் கத்தரிக்கோல் வேண்டாம். நல்லாக் காய்ஞ்ச பிறகு, தோலை ரெண்டு விரலால தட்டையாப் பிடிச்சுக்கிட்டு ட்ரிம்மர் ஓட்டுங்க. தொடை உள்பக்கம், வால் அடி வரைக்கும் எடுக்கலாம். பாதத்து அடி முடியில கை வைக்கவே கூடாது. முயலுக்கு நாய் மாதிரி மெத்தைப் பாதம் கிடையாது, அந்த முடிதான் செருப்பு.

அடுத்து துண்டால ஒத்தி எடுத்து ஃபேன் காத்துல விடுங்க. ஹேர் டிரையர் குளிர் காத்து வச்சா மட்டும். அடிமுடி வேர் வரைக்கும் காயணும், பாதி ஈரத்துல விட்டா கழுவாம இருந்ததே தேவலை. சிவந்த இடத்துல சில்வர் சல்ஃபாடயசின் க்ரீம் மெல்லிசா ஒரு பூச்சு. குழந்தைங்களுக்குப் போடற துத்தநாகக் களிம்பு வேண்டாம், நக்கும். டால்கம் பவுடர் நுரையீரலுக்குப் போகும். தேங்காண்ணெய், மஞ்சள் பத்து ரெண்டும் முடியில அப்பி உள்ளே ஈரத்தைப் பூட்டி வைக்கும். தினம் கழுவத் தேவையில்ல. லேசான ஈரத்துக்கு கார்ன்ஃப்ளோர் தூவி விரலால உதிர்த்தா போதும்.

பெரிய எதிரி ஈ. காலை, சாயங்காலம் ரெண்டு வேளையும் வாலைத் தூக்கிப் பாருங்க. வெள்ளையா கொத்துக் கொத்தா முட்டை ஒட்டியிருந்தா ஒரு நாளைக்குள்ள புழுவாகித் தோலைத் துளைச்சிடும். சாவணத்தால எடுத்த கையோட டாக்டர்கிட்ட ஓடணும், காலையில பார்த்துக்கலாம்னு விடக்கூடாது. நாய்க்கு அடிக்கிற ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயை மட்டும் அடிச்சிடாதீங்க, முயலுக்கு விஷம். கூண்டைச் சுத்திக் கொசுவலை கட்டுங்க, செலவும் கம்மி.

தளம் மாத்தணும். வெறும் கம்பி வலையில ஈரப் பாதம் அழுந்தினா குதிகால் புண் வரும். மரத்தூள், உமி, தென்னை நார்த்தூள் எல்லாம் ஈரத் தொடையில அப்பிக்கும். அடியில பிளாஸ்டிக் ஷீட், அது மேல பெரியவங்களுக்கு விக்கிற அண்டர்பேட் (படுக்கையில ஈரம் உறிஞ்சப் போடற விரிப்பு, 60-க்கு 90 சென்டிமீட்டர்), எல்லாத்துக்கும் மேல தடிமனான ஃப்ளீஸ் துணி. புது ஃப்ளீஸ் தண்ணியைக் கீழே விடாது, முத்து முத்தா மேலேயே நிக்கும். கம்ஃபர்ட் மாதிரி துணியை மென்மையாக்குற திரவம் எதுவும் போடாம நாலஞ்சு தடவை சுடுதண்ணியில அலசினா உறிஞ்சி இறக்கும். புறங்கையை வச்சு அழுத்திப் பாருங்க, ஈரம் ஒட்டக்கூடாது. ஓரத்தை டைல்ஸ் துண்டு வச்சு அமுக்கிடுங்க, அண்டர்பேட்டைக் கடிச்சு ஜெல்லைத் தின்னா குடல் அடைக்கும். சுண்ணாம்புக் கறைக்கு அலசற தண்ணியில ஒரு டம்ளர் வினிகர்.

கொல்லைமேடு:
தீனியை ஒரே நாள்ல தலைகீழா மாத்தாதீங்க, குடல் நின்னு போயிடும். ஒரு வாரம் பத்து நாள்ல அகத்தி, முருங்கையைப் படிப்படியா குறைச்சு நிறுத்துங்க. அந்த இடத்துல அருகம்புல், கினியாப் புல், கிடைச்சா உலர்ந்த டிமோத்திப் புல். புல்தான் எப்பவும் முன்னால கிடக்கணும். பெல்லட் புல் அடிப்படையில செஞ்சதா, நாளைக்கு 50 கிராமுக்கு மேல வேண்டாம். கூண்டுல தொங்குற மினரல் கல்லைக் கழட்டி எறியுங்க. சிறுகீரை, முளைக்கீரையில ஆக்சலேட் அதிகம், அது மாத்துத் தீனி ஆகாது.
கால்சியத்தைச் சுத்தமா ஒழிக்கவும் கூடாது. பல்லும் எலும்பும் கெடும். தண்ணிதான் உண்மையான மருந்து. பாட்டிலை எடுத்துட்டு கனமான பீங்கான் கிண்ணம் வைங்க, கிண்ணத்துல முயல் கூடுதலா குடிக்கும். புல்லையும் கொத்தமல்லியையும் அலசி, சொட்டச் சொட்ட அப்படியே போடுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா கேன் தண்ணி. தினம் ரெண்டு மூணு மணி நேரம் வெளியே விட்டு ஓட விடுங்க. உட்கார்ந்தே இருந்தா வண்டல் பையோட அடியில செட்டாயிடும், ஓடினாத்தான் கலங்கி வெளியேறும்.

பஞ்சுவால்:
எக்ஸ்ரே ஆச்சு. கல் இல்ல, பை பாதி வண்டல். முதுகெலும்பு நல்லா இருக்கு. கருப்பை கொஞ்சம் தடிப்பா இருக்காம். மயக்கத்துல வண்டலைக் கழுவி எடுத்துடலாம், பிறகு கருப்பை ஆபரேஷன்னு டாக்டர் சொல்றார். வீட்டிலேயே அழுத்தி எடுக்க முடியாதா?

வெட்_நெல்லை:
கெட்டி வண்டலை விழித்திருக்கும் முயலிடம் அழுத்தி எடுக்கக் கூடாது. வலியில் தசை இறுகும், மேலும் அழுத்தினால் பை கிழியும். மயக்கத்தில் குழாய் விட்டு, வெதுவெதுப்பான சலைன் செலுத்திக் கழுவி எடுப்பதுதான் முறை. வீட்டில் கையால் பிழிவது பின்பாகம் செயலிழந்த முயலுக்கு மட்டும். மருத்துவர் கையைப் பிடித்துக் காட்டிய பிறகுதான். சொட்டுக்கூட வராமல் பை கெட்டியாக இருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.
ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முயலுக்கு வாந்தி வராது, வெறும் வயிறு குடலைத்தான் நிறுத்தும். மயக்கம் தரும் நேரம் வரை புல் கிடக்கட்டும். எழுந்ததும் சாப்பிட வையுங்கள். 12 மணி நேரம் புழுக்கை விழவில்லை என்றால் அன்றைக்கே திரும்பக் கொண்டு போங்கள். கழுவி எடுத்த பிறகும் ஒரு வாரம் சொட்டும், எரிச்சல் அடங்க அவ்வளவு ஆகும். ஆறு, எட்டு வாரத்தில் மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தீனி மாற்றம் வேலை செய்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

கூண்டுக்காரர்:
இன்னொண்ணு. புண் ஆறுற வரைக்கும் ட்ரே வாசலை ஒரு பக்கம் வெட்டி அஞ்சு சென்டிமீட்டருக்குத் தாழ்த்தி வைங்க. தொடை எரிச்சலோட தாண்டிப் போகக் கஷ்டப்பட்டுத்தான் பாதி முயலுங்க வெளியே போகுது, அதையும் கசிவுன்னு எண்ணிடறோம்.