பத்தாவது பையன் படிக்கவே உக்கார மாட்டேங்குறான், என்ன பண்றதுங்க?

திருப்பூர் அம்மா:
வணக்கங்க. பையனுக்கு 2026 மார்ச்ல பத்தாவது பரீட்சை, ஸ்டேட் போர்டு. எட்டாவது வரைக்கும் எல்லாரையும் பாஸ் போட்டுடறாங்கல்ல, ஒண்ணும் தெரியல, ஒன்பதாவதுல இருந்துதான் இறங்க ஆரம்பிச்சுது, காலாண்டுல கணக்குல 22. நான் கம்பெனி விட்டு வர எட்டரை ஆயிருது. ஏழு மணிக்கே உக்காந்துட்டான்னு சின்னவ சொல்றா, ஆனா வந்து நோட்டைப் பாத்தா தேதி, 'பயிற்சி 3.1', அதுக்குக் கீழ ஸ்கேல் வச்சு ரெண்டு கலர்ல கோடு, அவ்ளோதான். அவங்கப்பா போனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டுனாரு, அதுக்கு ரெண்டு நாள் சோறு வேண்டாம்னுட்டான். மிக்ஸி நின்னு போனா மட்டும் கழட்டி கார்பன் மாத்தி ஓட்டிடறான், மண்டையில ஒண்ணுமில்லைன்னு சொல்ல முடியாது. டியூஷன் மாத்திப் பாக்கலாமா?

ரெண்டு பசங்க அப்பா:
போன்தான் காரணம் சிஸ்டர், திருப்பிக் குடுக்காதீங்க. எங்க காலத்துல முதுகுல ரெண்டு போட்டா தானா படிப்போம்.

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்:
மேல சொன்னவரு கோவிச்சுக்க வேண்டாம், முதுகுல வாங்கியும் படிக்காம போனவங்க லிஸ்ட்டு என்கிட்ட நிறைய இருக்கு. அம்மா, கணக்கு போட்டுப் பாருங்க, 2020 மார்ச்ல ஸ்கூலைப் பூட்டுனப்போ உங்க பையன் நாலாவது, எட்டாவது வரைக்கும் உள்ளவங்களுக்குத் திறந்தது 2021 நவம்பர் 1ல, அப்ப அவன் ஆறாவது. பின்னம், தசமம், மைனஸ் கணக்கு எல்லாம் கத்துக்கிற வயசு அதுலயே போயிருச்சு. பயிற்சி 3.1 x, y, z-னு மூணு மாறி வர்ற சமன்பாடு, மைனஸ் தடுமாறுற பையன் அதுல தலைப்புக்குக் கோடு போடத்தான் செய்வான், வேற என்ன செய்வான் பாவம். ஒரு பேப்பர்ல 1/2 + 1/3 எழுதிக் குடுங்க, பக்கத்துல நின்னு பாக்காதீங்க. மேல இருக்குறதையும் கீழ இருக்குறதையும் தனித்தனியா கூட்டி 2/5ன்னு தப்பா வந்தா டியூஷன் மாத்திப் பிரயோஜனம் இல்ல, ஆறாவது புக்கை எடுங்க, ஆனா 'ஆறாவது புக்கு'ன்னு தங்கச்சி காதுல விழுற மாதிரி சொல்லிடாதீங்க.

இன்னொண்ணு, 100 மார்க்ல ஜியாமெட்ரி 8, கிராஃப் 8. ரெண்டும் கை வேலை, மிக்ஸி கழட்டுறவனுக்கு காம்பஸ் பிடிக்கத் தெரியாதா? வட்டத்துக்குத் தொடுகோடு, வடிவொத்த முக்கோணம்னு தெனம் ஒண்ணு வரையச் சொல்லுங்க. ஒரு மார்க் கேள்வி 14. இதெல்லாம் சேர்ந்தே 30 ஆச்சு, பாஸுக்கு 35தான. மொதல்ல ஒரு கேள்விக்கு 8க்கு 8 வாங்கட்டும், அப்புறம் பேசிக்கலாம்.

டிப்ளமோ தம்பி:
அக்கா நானும் அதே கேஸ்தான், கணக்குல 36 வாங்கி பாஸ். 'ஃபெயிலானா ஐடிஐ தான்டா உனக்கு'ன்னு வீட்ல சொல்லிச் சொல்லியே ஐடிஐன்னா தண்டனைன்னு நினைச்சுட்டேன். அப்புறம் பாலிடெக்னிக்ல எலக்ட்ரிக்கல் சேர்ந்தேன், பத்தாவது முடிச்சுப் போனா 3 வருசம், முடிச்சுட்டு பி.இ. ரெண்டாவது வருசத்துல நேரா சேரலாம், இப்ப அதுலதான் இருக்கேன். ஒரு நாள் கூட்டிட்டுப் போய் ஒர்க்ஷாப்பைக் காட்டுங்க, இதுக்குத்தான் இந்த 35ன்னு தெரிஞ்சாலே பாதி மாறிடுவான். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாச்சும் போனைக் குடுங்க, நான்லாம் அப்ப பிரெண்டு போன்ல வெளாண்டேன்.

திருப்பூர் அம்மா:
சார், நேத்து எழுதிக் குடுத்துட்டு நான் அடுப்படிக்குப் போயிட்டேன். 2/5தான் வந்துச்சு. அதுக்குக் கீழ அவனே '0.4, ஆனா பாதியே 0.5 ஆச்சே'ன்னு சின்னதா எழுதி அடிச்சு வச்சிருந்தான், பாத்ததும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஒண்ணும் பேசல. ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து பாத்தா காம்பஸ்ல திருகு இல்ல, எப்ப இருந்துடான்னா ஒன்பதாவதுல இருந்தேங்குறான். புதுசு வாங்கித் தரட்டுமான்னேன், வேண்டாம்மா, பழைய மிக்ஸியில அந்த சைஸ் திருகு இருக்குன்னு எடுத்துட்டு உக்காந்துட்டான்.

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்:
அப்ப தப்புன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கும்மா! திருகு மாட்டுனதும் தொடுகோடு ஒண்ணு போடச் சொல்லுங்க.