குதிரையின் ‘கண்டிஷனிங்’: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

நெடுந்தொலைவுக் குதிரைச் சவாரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கண்டிஷனிங்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஒரே நாளில் 80, 160 கிலோமீட்டர் போக வேண்டிய குதிரையின் உடலை மாதக்கணக்கில் அதற்குத் தயார் செய்வதுதான் பொருள். இப்போதைக்குப் ‘பயிற்சி’ என்று போட்டிருக்கிறேன். மனது ஒப்பவில்லை. உளவியலில் வழங்கும் ‘ஆக்கநிலையிறுத்தம்’ வேறு சங்கதி, அது இங்கே வேண்டாம். நண்பர்கள் உதவ வேண்டும்.

---

‘பதப்படுத்தல்’ என்று வைக்கலாமே? பதம் என்றாலே சரியான நிலைதான். மண்ணைப் பதப்படுத்துகிறோம், தோலைப் பதப்படுத்துகிறோம். உடலுக்கும் அது பொருந்தும். இல்லையென்றால் ‘தகவமைப்பு’ ஏற்கெனவே பாடநூல்களில் இருக்கிறது.

---

அன்புள்ள நண்பர்களுக்கு,

பல ஆண்டுகளாகக் குதிரைகளோடு இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘பயிற்சி’ இங்கே ஆபத்தான சொல். பயிற்சி கொடுத்தால் குதிரை கற்றுக்கொள்கிறது. குறள் 814இல் போர்க்களத்தில் வீரனை விட்டுவிட்டு ஓடும் குதிரையைக் ‘கல்லா மா’ என்கிறார் வள்ளுவர். அங்கே குறை கல்வியில். நாம் பேசுவது நன்றாகக் கற்ற, சொன்னதைக் கேட்கிற, ஆனால் உடல் இன்னும் தயாராகாத குதிரையைப் பற்றி. அது மறுக்காமல் ஓடும். ஓடி நொண்டும்.

‘பதப்படுத்தல்’ அழகான சொல்தான். ஆனால் தோலும் மண்ணும் தாமாக எதையும் செய்வதில்லை, நாம் செய்வதை ஏற்றுக்கொள்கின்றன, அவ்வளவுதான். குதிரையின் உடல் அப்படி இல்லை. நாம் கொடுக்கிற சுமையால் திசுக்கள் கொஞ்சம் நையும். அதன்பின் ஓய்வு நாளில் அவற்றைப் பழுது பார்த்து, முன்னைவிட வலுவாகக் கட்டிக்கொள்வது உடல்தான். நம் வேலை பாதி, உடலின் வேலை பாதி. சொல்லில் இந்த இரண்டுக்கும் இடம் வேண்டும்.

என் பரிந்துரை ‘உரமேற்றல்’. உடல் தானே செய்வது உரமேறுதல், நாம் செய்விப்பது உரமேற்றுதல். தன்வினையும் பிறவினையும் ஒரே வேரில் கிடைத்துவிடுகின்றன. ‘உழைத்து உரமேறிய உடம்பு’ என்று சொல்வதும் வழக்கில் உள்ளதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுதான் முக்கியம். உடல் முழுவதும் ஒரே வேகத்தில் உரமேறுவதில்லை. இதயமும் நுரையீரலும் தசைகளும் சுமார் 3 மாதத்தில் நல்ல முன்னேற்றம் காட்டும். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கும் மூட்டுகளைக் கட்டும் நார்களுக்கும் 6 மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகும். எலும்பும் குளம்பும் உட்பட முழு உடலும் கடும் தொலைவுக்குத் தயாராக 2, 3 ஆண்டுகள் பிடிக்கும். ஆபத்து இந்த இடைவெளியில்தான். மூன்றாம் மாதத்தில் குதிரை மூச்சு வாங்காது, நாடி சட்டென்று இறங்கும், முன்னே இழுக்கும். பார்க்கிறவருக்கு ‘தயாராகிவிட்டது’ என்றே தோன்றும்.

நானும் ஒருமுறை அப்படித்தான் நம்பினேன். நாடி அருமையாக இருந்ததால் தொலைவையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டி, கெட்டித் தரையில் ட்ராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டம்) ஓட்டினேன். மறுநாள் காலை முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே, பின்பக்கம் தொட்டால் சூடாக இருந்தது. தசைநாண் கிழிந்திருந்தது. மறுபடி சேணம் போட 10 மாதம் ஆயிற்று. ‘இதயம் உரமேறிவிட்டது, தசைநாண் இன்னும் உரமேறவில்லை’ என்று அன்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். ‘தசைநாணுக்குப் பயிற்சி போதவில்லை’ என்றால் புரிந்திருக்காது; இன்னும் ஓட்டியிருப்பேன்.

அதனால் கையேட்டில் இந்த இரண்டும் கட்டாயம் இருக்கட்டும்: தொலைவையும் வேகத்தையும் ஒரே சமயத்தில் கூட்டக் கூடாது, முதல் சில மாதங்கள் நெடுந்தொலைவு, மெதுவேகம் மட்டுமே.

‘தகவமைப்பு’ என்ற சொல்லை வெப்பத்துக்கு வைத்துக்கொள்வோம். குளிர்ந்த இடத்துக் குதிரை சூட்டுக்குப் பழக 2, 3 வாரம் வேண்டும். அது வெப்பத் தகவமைப்பு.

---

> என் பரிந்துரை ‘உரமேற்றல்’.

ஐயா, விளக்கம் நன்று. ஆனால் ‘உரம்’ என்றதும் வயலுக்குப் போடுவதுதானே நினைவுக்கு வரும்? தேடினாலும் யூரியாதான் வந்து நிற்கும். அப்புறம், ‘ஏற்றல்’ என்றால் ஏறிக்கொண்டே போகும் என்ற பொருள் வந்துவிடாதா? ஓய்வில் விட்டால் என்ன ஆகும்?

---

அம்மா, நல்ல கேள்வி. வயலுக்கு உரம் இடுகிறோம், போடுகிறோம். அங்கே ‘ஏறு’ என்ற வினை வருவதில்லை. வினையே பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. குழப்பம் வருமென்றால் முதல் தடவை ‘உடல் உரமேற்றல்’ என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

ஓய்வில் விட்டால் உரம் இறங்கும். அதற்கும் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. உரமேறிய குதிரைக்குச் சில வார ஓய்வில் பெரிதாக இறங்கிவிடாது. மாதக்கணக்கில் விட்டால்தான் திரும்ப ஏற்ற வேண்டும். ஆனால் வேலை இல்லாத நாளில் முழுத் தானியமும் கொடுத்துவிட்டு மறுநாள் கடுமையாக ஓட்டினால் சில குதிரைகளுக்குத் தசைகள் இறுகி நின்றுவிடும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைக்க வேண்டும் என்பதையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள்.

கலிபோர்னியாவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பைச் சவாரியில் 24 மணி நேரத்தில் 100 மைல் போக வேண்டும். அங்கே முதலில் வருகிற குதிரைக்கு ஒரு கோப்பை. முதல் 10 குதிரைகளில் உடல் மிக நல்ல நிலையில் இருப்பதற்கு, 1964 முதல், ஹாகின் கோப்பை என்று இன்னொன்று. அந்த ‘கண்டிஷன்’ என்ற நிலைக்கு, பதப்படுத்தலை முன்மொழிந்த நண்பரின் ‘பதம்’ மிகப் பொருத்தம். செயல் உரமேற்றல், நிலை உடற்பதம்.

---

இருவருக்கும் மிக்க நன்றி. சொல் கிடைத்துவிட்டது. இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

“உரமேற்றும் காலத்தில் ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் நாடியைக் குறித்து வைக்கவும். ஓய்வில் உள்ள குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44. ஓடி நின்றபின் 64க்குக் கீழே எத்தனை நிமிடத்தில் வருகிறது என்பதே நாடித்தணிவு. தணிந்தபின் கயிற்றில் பிடித்து 40 மீட்டர் ட்ராட்டில் போய்த் திரும்பவும். புறப்பட்டதிலிருந்து ஒரு நிமிடம் கழித்து மறுபடி எண்ணவும். முன்பைவிட 4க்கு மேல் கூடியிருந்தால் களைப்போ வலியோ இருக்கலாம். அன்றைக்கு நிறுத்திவிடவும். நான்கு கால்களையும் தொட்டுப் பார்த்துச் சூடு, வீக்கம் தேடவும்.”

---

நன்றாக வந்திருக்கிறது. ‘நாடித்தணிவு’ என்னைவிட நீங்களே நன்றாகப் பிடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு திருத்தம்: கால்களை மறுநாள் காலையிலும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என் குதிரைக்குச் சூடு தெரிந்தது அப்போதுதான்.