தார் ஜீப் ஆர்சி ரினியூவல்: இரண்டு முறை லைனர் மாற்றியும் பிரேக் வலது பக்கம் இழுக்கிறது

பென்னாகரத்தான்:
வணக்கம். 2011 மாடல் தார், டீசல், ஃபோர் வீல் டிரைவ். போன வருடம் அஞ்செட்டி பக்கம் ஒருவரிடம் வாங்கினேன். வத்தல்மலையில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது, மலை ஏறி இறங்க இந்த வண்டிதான். 15 வருடம் முடியப் போகிறது என்பதால் ஆர்சி ரினியூவலுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் மைதானத்தில் ஓட்டி பிரேக் அடித்ததும் வண்டி வலது பக்கம் லேசாக இழுத்தது. ஹேண்ட் பிரேக்கும் மேட்டில் நிற்கவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு, இடது பின் சக்கரத்தின் உள்பக்கம் எண்ணெய் வழிகிறது, சரிசெய்து கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தப் பக்கம் மூன்று மாதத்தில் இரண்டு முறை பிரேக் லைனர் மாற்றியாகிவிட்டது. மாற்றினால் பத்து நாள் நன்றாக இருக்கும், அப்புறம் பழையபடி ஈரம். இப்போது மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) உட்பட எல்லாவற்றையும் மாற்றலாம் என்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

ஒகேனக்கல் ரோடு:
ஏஜென்ட் யாரிடமாவது கொடுங்கள் சார். ஒரு நாள் வேலை.

அரூர் பட்டறை:
அண்ணா, அப்படிச் சொல்லாதீர்கள். அது வத்தல்மலை வளைவில் ஆளை ஏற்றிக்கொண்டு இறங்குகிற வண்டி. சீட்டு வாங்கிவிட்டால் பிரேக் பிடித்துவிடுமா?

தம்பி, எதையும் வாங்காதே. முதலில் வழிவது எந்த எண்ணெய் என்று பார். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறைகிறதா? டிரம்மைக் கழற்றி அந்த ஈரத்தை விரலில் தொட்டு மோந்து பார். கியர் ஆயில் என்றால் அழுகின முட்டை மாதிரி கந்தக வாடை வரும். சந்தேகமாக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விடு. பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும், கியர் ஆயில் மேலே மிதக்கும்.

பென்னாகரத்தான்:
டப்பாவில் அளவு குறையவே இல்லை அண்ணா. வாடை நீங்கள் சொன்னதுதான். தண்ணீரில் வட்டமாக மிதக்கிறது.

அரூர் பட்டறை:
அப்படியானால் பிரேக் ஆயில் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரும் வீல் சிலிண்டரும் குற்றவாளி இல்லை. ஆக்சில் ஆயில் சீல், அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம், அதன் வழியாகக் கியர் ஆயில் டிரம்முக்குள் வருகிறது. அந்தப் பக்கம் லைனர் வழுக்குவதால் வண்டி வலது பக்கம் இழுக்கிறது. ஹேண்ட் பிரேக்கும் பின் டிரம்மில்தான் வேலை செய்கிறது, அதனால் அதுவும் போச்சு.

இதைத் தெரிந்துகொண்டு சீலை மட்டும் மாற்றினால் அதுவும் பத்து நாள்தான். சீல் ஏன் விட்டது என்று பார்க்க வேண்டும். பின் ஆக்சில் ஹவுசிங் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். வண்டி ஓடி ஹவுசிங் சூடானால் உள்ளே காற்று விரியும், அது இந்தப் பிரீதர் வழியாக வெளியேற வேண்டும். சேறு காய்ந்து அது அடைத்துக்கொண்டால் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. சீல் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வரும். அஞ்செட்டி பக்கத்து வண்டி என்கிறாய், அந்தப் பழைய ஓனர் தொட்டல்லா காட்டாற்றில் எத்தனை முறை இறக்கினாரோ. சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கிச் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே உறிஞ்சும். பிரீதர் அடைத்திருந்தால் அதே சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். கியர் ஆயிலை இறக்கிப் பார், மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

இன்னொன்று, யாராவது கியர் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். வண்டி சமதளத்தில் நிற்கும்போது நிரப்பும் துளையின் விளிம்புவரைதான் இருக்க வேண்டும்.

ஆக்சில் தண்டை உருவும்போது சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார். ஆட்டம் இருந்தால் புது சீலையும் தின்றுவிடும். எண்ணெய் ஊறின லைனரை பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டு மறுபடி மாட்டாதே. சூடானதும் உள்ளே ஊறினது மறுபடி கசியும். புதிது போடும்போது இரண்டு பக்கமும் சேர்த்துப் போடு.

தேன்கனிக்கோட்டை டீசல்:
அரூர் அண்ணன் சொன்னதற்கு மேல் பிரேக்கில் ஒன்றும் இல்லை. மறுபடி காட்டப் போவதற்கு முன் மற்றதையும் பார்த்துவிடுங்கள் சார். ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் வெற்று ஆட்டம் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. இந்த வயது வண்டியில் டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட் மாதிரி ஸ்டியரிங் மூட்டுகள் தேய்ந்திருக்கும், ஒருவரை ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லிக் கீழே படுத்துப் பாருங்கள். டயர் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். பிஎஸ் 4 மாசு விதிக்கு முந்தைய டீசல் என்றால் புகை அளவு 65 ஹெச்எஸ்யூ (புகையின் கருமையை அளக்கும் அலகு) வரை இருக்கலாம். இஞ்சின் நன்றாகச் சூடான பிறகு புகை பாருங்கள், அதற்கு முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். முன்னால் இரும்பு கார்டு போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை வந்துவிட்டது. சேஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எடுங்கள். அரம் மட்டும் வைக்காதீர்கள், எழுத்து போனால் பெரிய வம்பு. பின் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடத்தில் சேறு தங்கி சேஸை அரித்திருக்கும், அங்கே ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.

ரினியூவல் விண்ணப்பமான படிவம் 25-ஐ ஆர்சி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். இருக்கிற நாளுக்குள் முடித்துவிடுங்கள், தாண்டினால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும்.

பென்னாகரத்தான்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். பிரீதர் முழுக்கச் செம்மண் அடைத்துச் செங்கல் மாதிரி இருந்தது. கம்பியால் குத்தியதும் உஸ் என்று காற்று வந்தது, பக்கத்தில் நின்ற மெக்கானிக்கே அசந்துவிட்டார். கியர் ஆயிலும் அரூர் அண்ணன் சொன்ன மாதிரி மோர்தான். இடது பேரிங்கில் ஆட்டம் இருந்தது, பேரிங், சீல், இரண்டு பக்க லைனர், புது ஆயில் எல்லாம் போட்டோம். மாஸ்டர் சிலிண்டரைத் தொடவில்லை. ஆள் இல்லாத ரோட்டில் 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்து டேப்பில் அளந்தேன், 9 மீட்டரில் நேராக நின்றது. விதிப்படி 13 மீட்டருக்குள் நிற்க வேண்டுமாம். போன செவ்வாய் காட்டினேன், ஐந்து வருடத்துக்கு ரினியூவல் ஆகிவிட்டது. அரூர் அண்ணா, உங்களுக்கு ரொம்ப நன்றி. பிரீதர் மறுபடி அடைக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

அரூர் பட்டறை:
சந்தோஷம் தம்பி. எண்ணெய் தாங்குகிற ரப்பர் ஹோஸ் ஒன்றைப் பிரீதரில் மாட்டி, டீசல் டேங்க் மூடி உயரத்துக்கு மேலே ஏற்றி, வாய் கீழே பார்க்கிற மாதிரி வளைத்துக் கட்டிவிடு. சக்கரம் ஏறி இறங்கும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு விடு. முன் ஆக்சிலுக்கும் இதே மாதிரி ஒரு பிரீதர் இருக்கிறது, அதைப் பார்த்தாயா?

பென்னாகரத்தான்:
பார்க்கவில்லை அண்ணா. நாளைக் காலையில் முதல் வேலை அதுதான்.