மறுமொழி: மூளை அழற்சியில நியூரானைக் காப்பாத்துறதுக்கு என்ன சொல்லு போடலாம்?

குழுவுல எல்லாருக்கும் வணக்கம். வீட்ல படைப்பு (முன்னோரைக் கும்பிடுறது) இருந்துச்சு, வந்தவுக போனவுகன்னு நாலு நாளா மெயிலே திறக்கல, இன்னைக்கு திறந்தா இந்த ஒரு இழையில மட்டும் இருபத்தி மூணு மெயிலு. எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் எழுதறேன். டாக்டர் தங்கச்சி கேட்டதை விட்டுட்டு பாதிப் பேரு நரம்புக்கு அடுத்து ஒற்று மிகுமா மிகாதான்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீக, அதை அப்புறம் பாப்போம்.

> ஒட்டுண்ணி மூளைக்குள்ள போயி அழற்சி வந்தா ஒட்டுண்ணியைக் கொல்றது ஒரு வைத்தியம், அந்த அழற்சியில நியூரான், அதான் நரம்பு செல்லு, சாகாம பாத்துக்கறது வேற வைத்தியம். இந்த ரெண்டாவதுக்கு ஒரே சொல்லா வேணும். "நரம்புப் பாதுகாப்பு"ன்னு போட்டுப் பாத்தேன், எனக்கே டானிக் விளம்பரம் மாதிரி இருக்கு.

டானிக்கா இருந்தாக்கூட பரவால்ல தங்கச்சி. பஸ் ஸ்டாண்டு சுவத்துல "நரம்புத் தளர்ச்சி"ன்னு கொட்டை எழுத்துல போட்டு கீழ லாட்ஜ் பேரும் வைத்தியர் எந்தத் தேதி வர்றாருங்கறதும் இருக்குமே, அந்த நோட்டீஸ் ஒட்டி ஒட்டியே நரம்புங்கற சொல்லைக் கெடுத்து வச்சிட்டாக. அது போக நம்ம பேச்சுல நரம்புன்னா பாதி நேரம் ரத்தக்குழாய், "நரம்பு கெடைக்கலன்னு மூணு எடத்துல குத்திட்டாக"ன்னு சொல்றோமே, அது எந்த நரம்பு? பழைய பாட்டுக்குப் போனா யாழ் நரம்பு. அதனால நியூரானை நியூரான்னே வச்சுக்குவோம், பள்ளிக்கூடப் புத்தகத்துலயே அப்படித்தான் இருக்கு. இலங்கை நண்பர் சொன்ன நரம்புக்கலம் (அங்க செல்லைக் கலம்பாக) கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா இங்கன கலம்னா நெல்லுதான் ஞாபகத்துக்கு வரும்.

நீ என்ன டாக்டரா இதுல எழுதறதுக்குன்னு யாரும் கேக்குறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். எங்க சின்ன ஆச்சி (எங்க பக்கம் அக்காவை ஆச்சிம்போம்) பள்ளத்தூர்ல இருக்காக, கறி மீனு எதுவும் தொடாத வீடு. அவுக மகன் ஒரு நாள் காலையில முத்தத்துல நின்னு பல்லு விளக்கிட்டு இருந்தவன், வலது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்து, பிரஷ்ஷைப் பிடிச்ச பிடி விடாம அப்படியே கல்லுல சரிஞ்சிட்டான். ஸ்கேன்ல மூளையில ஒரு பொட்டு, கொத்தமல்லி விதையை விட கொஞ்சம் பெருசு, சுத்தி வீக்கம். மொத பாத்த எடத்துல கட்டின்னு சொல்லி வீட்டையே அழ வச்சிட்டாக. பெறகு வேற எடத்துல பாத்தப்பதான் அது நாடாப்புழுவோட பைன்னு தெரிஞ்சுது. ஆச்சிக்கு கோவம், "நாங்க என்ன பன்னிக்கறி திங்கிறவுகளா"ன்னு. அதுக்கு அந்த டாக்டர் பொறுமையா சொன்னாக, கறி சரியா வேகாம தின்னவுக வயித்துலதான் புழு வளரும், ஆனா அவுக மலத்துல வர்ற முட்டை கழுவாத கை, பச்சைக் காய், தண்ணின்னு எது வழியாவும் யாரு வயித்துக்குள்ளயும் போகும், அங்கேருந்து ரத்தத்துல ஏறி மூளையில பையா உக்காந்துக்கும், சைவம் அசைவம் பாக்காதுன்னு. (இந்த ஒத்தைப் பொட்டை நம்ம நாட்டுல ரொம்ப காலம் டிபி கட்டின்னே நெனச்சு டிபி மாத்திரை குடுத்துட்டு இருந்தாக. 1980கள் கடைசியில, 90கள் தொடக்கத்துல வேலூர் சிஎம்சியிலதான் எடுத்துச் சோதிச்சு பெரும்பாலும் நாடாப்புழுதான்னு காட்டினாக.)

விஷயம் இனிமேத்தான். அந்தப் பை உசுரோட இருக்கற வரைக்கும் வருஷக்கணக்கா சத்தமே இல்லாம கெடக்குமாம், நம்ம எதிர்ப்பு சக்தியை அதுவே அமுக்கி வச்சிருக்கும். "இப்ப புழு செத்துக்கிட்டு இருக்கும்மா, அதான் வலிப்பு"ன்னாக டாக்டர். உடனே ஆச்சி கேட்டாக, "செத்தா நல்லதுதானே, பெறகு ஏன் வலிப்பு?"

தங்கச்சி கேக்குற சொல்லு இந்தக் கேள்விக்குள்ளதான் இருக்கு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் அங்க நடக்குது. புழு செத்து கசிய ஆரம்பிச்சதும் மூளையோட காவக்காரன் மைக்ரோக்ளியா முழிச்சுக்குறான், ரத்தத்துலேருந்து வெள்ளையணுவும் வந்து சேந்துக்குது, எல்லாம் சேந்து கக்குற நைட்ரிக் ஆக்சைடு, நியூரானுக்கு நியூரான் சேதி கடத்துற குளுட்டமேட்டு எக்கச்சக்கமா தேங்குறது, இதுல பக்கத்துல சிவனேன்னு இருக்கற நியூரான் கருகுது. அதனாலதான் அல்பெண்டசோல்ங்கற புழு மருந்தோட, அழற்சியை அமுக்குற ஸ்டீராய்டும் சேத்தே குடுத்தாக, வலிப்புக்கு மாத்திரை தனி. பை நெறைய இருந்து மூளையே வீங்கிக் கெடந்தா புழு மருந்தைத் தொடவே மாட்டாகளாம், மொத வீக்கம் எறங்கணும்.

அப்ப "தடுப்பு" சரி வராது, எதையும் நாம தடுக்கல. "பாதுகாப்பு" போலீஸ் பந்தோபஸ்து மாதிரி இருக்கு. என் ஓட்டு காப்புக்கு. நான் காரைக்குடி சிக்ரியில (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம்) துருவோடவே முப்பது வருஷம் குடித்தனம் பண்ணவன், அங்க அரிமானத் தடுப்புன்னும் எழுதுவோம் அரிமானக் காப்புன்னும் எழுதுவோம், ரெண்டும் ஒண்ணு இல்ல. கப்பல் அடியில துத்தநாகக் கட்டியைப் பொருத்தி விட்டா உப்புத்தண்ணி அதைத் தின்னும், இரும்பு தப்பிச்சுக்கும். அரிப்பு நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, நமக்கு வேண்டிய பொருள் நிக்குது. அதேதான் இங்கயும். மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்கு காப்பு கட்டுன வீட்ல யாருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்ல. ஆக நியூரான் காப்பு. பாதி கிரேக்கம் பாதி தமிழ்னு யாராவது வருவீக, பஸ் நிலையம்னு எழுதறவுக எனக்கு பதில் போட வேணாம்.

அழற்சிக்கும் ஒண்ணு சொல்லணும். நரம்பழற்சின்னு போட்டா அது வேற வியாதி, மூளையழற்சின்னா அதுவும் வேற, மூளைக்காய்ச்சல்னா ஊரே வேற எதையோ நெனைக்கும். சத்தமில்லாம உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டு கெடக்குற இதுக்குன்னு தனியா "மூளைத்தணல்"னு வச்சா என்ன? அழற்சிக்கே வேரு அழல்தானே. எங்க அப்பத்தா ராத்திரி அடுப்பை அணைக்க மாட்டாக, கங்கை ஒதுக்கி மேல சாம்பலைத் தூவி மூடி வப்பாக, காலையில ரெண்டு சிராய் வச்சு ஊதுனா பத்திக்கும். தொட்டா சாம்பல்தான், விரலை உள்ள விட்டாத் தெரியும்.

* * *

அண்ணே, நியூரான் காப்பு எனக்கு முழு சம்மதம், இன்னைக்கே கட்டுரையில மாத்திடறேன். மூளைத்தணல்ல மட்டும் ஒரு சிக்கல். மூளை மலேரியாவுல ஒட்டுண்ணி மூளைத் திசுக்குள்ளயே போறதில்ல, ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணு சின்ன ரத்தக்குழாயில ஒட்டிக்கிட்டு அடைக்குது, ரெண்டு மூணு நாள்ல ஆளு மயக்கம், அது தணல் இல்ல, கூரையில பிடிச்ச தீ. அதோட நேத்து ஒரு அய்யா "அழற்சி ஒடுக்கம்னே போட்ரலாம், அழற்சியை ஒடுக்குறதும் நியூரானைக் காக்குறதும் ஒண்ணுதானே"ன்னு எழுதியிருந்தாங்க, அதுக்கும் இதுலயே பதில் சொல்லிடறேன். 1982ல தாய்லாந்துல மூளை மலேரியாவுல மயங்கிக் கெடந்த 100 பேர்ல பாதிப் பேருக்கு டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு குடுத்துப் பாத்தாங்க, குடுத்தவங்களுக்கு மயக்கம் தெளியத்தான் கூட நேரம் ஆச்சு, நிமோனியா, வயித்துல ரத்தக்கசிவுன்னு தொல்லையும் ஜாஸ்தி. உங்க மருமகனுக்கு நல்லது பண்ண அதே ஜாதி மருந்து அங்க கெடுதல். அழற்சியை அமுக்குனா நியூரான் பிழைச்சுக்கும்னு கண்ணை மூடிட்டு சொல்ல முடியாது, அதனாலதான் ரெண்டுக்கும் தனித்தனி சொல்லு வேணும்னு கேட்டேன்.

ஆனா டாக்ஸோபிளாஸ்மாங்கற ஒட்டுண்ணிக்கு உங்க அப்பத்தா அடுப்பு அச்சா பொருந்துது அண்ணே. அது நியூரானுக்குள்ளயே பையா தூங்குது, லேசான அழற்சி எப்பவும் இருந்து அதை வெளிய விடாம வச்சிருக்கு, எச்ஐவி மாதிரி எதிர்ப்பு சக்தி போனவங்களுக்கு திரும்பவும் கெளம்பிடுது. முழுசா அணைக்கவும் கூடாது, எரியவும் விடக்கூடாது. அதுக்கு மூளைத்தணல்னு எழுதறேன், மலேரியாவுக்கு அழற்சின்னே விட்டுடறேன். ஒரு வாக்கியம் அனுப்பறேன், யாராவது வாசிச்சுட்டு புரியுதான்னு சொல்லுங்க:

"புழு சாகும்போது எழும் அழற்சியிலிருந்து நியூரான் காப்பு அளிப்பதே ஸ்டீராய்டின் வேலை."

* * *

தங்கச்சி, மலேரியா விஷயத்துல நான் தோத்தேன், ஒத்துக்கறேன். வாக்கியத்துல "அளிப்பதே" வேணாம், காப்பை யாரும் அளிக்கிறதில்ல, கட்டுறதுதான். "நியூரானுக்குக் காப்புக் கட்டுவதே"ன்னு மாத்தி பள்ளத்தூருக்கு போன் போட்டு ஆச்சிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒரு தடவைதான் வாசிச்சேன், புரிஞ்சிருச்சு. உடனே, "அது சரிடா, காப்பு கட்டுனா அவுக்குற நாள்னு ஒண்ணு இருக்கும்ல, இவனுக்கு வலிப்பு மாத்திரையை என்னைக்கு நிறுத்துறது? போன ஸ்கேன்ல புழு இல்ல, அந்த எடத்துல சுண்ணாம்பு மாதிரி ஒரு தழும்பு இருக்குன்னாகளே"ன்னு கேட்டாக.

எனக்குத் தெரியல, நீங்களே அவுக டாக்டர்கிட்ட கேட்டுக்கங்கன்னுட்டேன். சுண்ணாம்பு படிஞ்ச அந்தத் தழும்புக்கு ஒரு சொல்லு இருந்தா போடுங்க தங்கச்சி, அடுத்த இழை அதுக்குத் திறப்போம்.