இருட்டியதும் கேட் கேமரா கட் ஆகிறது: 90 மீட்டருக்கு எந்த பவர் வயர் போடுவது?

காங்கேயம் களம்:
வணக்கம்ங்க. காங்கேயம் பக்கத்தில் எங்களுக்குத் தேங்காய் உலர்களம் இருக்கிறது. ஆபீஸ் ரூமில் டிவிஆர் (கேமரா படத்தைப் பதியும் பெட்டி), 12 வோல்ட் 5 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் (கேமராக்களுக்குப் பவர் தரும் பெட்டி). மொத்தம் நான்கு கேமரா. மூன்று கேமரா ஆபீஸையும் குடோனையும் ஒட்டியே இருக்கின்றன, அவற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. நான்காவது மெயின் கேட்டில். அதற்கு வீடியோவுக்குத் தனியாக கோஆக்ஸியல் கேபிள், பவருக்குத் தனியாக இரண்டு கோர் வயர் போட்டிருக்கிறார்கள். 90 மீட்டர் காயில் (வயர்ச் சுருள்) ஒன்று முழுதாகத் தீர்ந்தது. வயர் மேல் 0.75 என்று அச்சடித்திருக்கிறது.

பகலெல்லாம் படம் தெளிவாக வருகிறது. இருட்டி, கேமராவின் ஐஆர் லைட் (இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரிந்ததும் 'வீடியோ லாஸ்' என்று காட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே வரும், மறுபடியும் போகும். விடியும்வரை இதே கூத்துதான். தேங்காய்ப் பருப்பு லோடு ஏற்றும் லாரிகள் ராத்திரிதான் வந்து போகும், அந்த நேரத்தில் கேட் தெரியாவிட்டால் கேமரா இருந்தே பயனில்லை. வேறு கேமரா மாட்டிப் பார்த்தோம், அதுவும் இப்படியே. கேட்டில் இருந்ததைக் கழற்றி ஆபீஸில் மாட்டினால் ராத்திரி முழுக்க ஓடுகிறது. வயர்தான் காரணம் என்றால் எந்த வயர் வாங்க வேண்டும்?

உடுமலை தோப்பு:
எஸ்எம்பிஎஸ்ஸை 10 ஆம்ப் ஆக்கிப் பாருங்க. நான்கு கேமராவுக்கு 5 ஆம்ப் பத்தாமல் இருக்கலாம்.

பல்லடம் வயரிங்:
ஆம்ப் கூட்டினால் இது தீராதுங்க. கேமரா பெட்டியில் அதிகபட்சம் எத்தனை வாட் என்று போட்டிருப்பார்கள். ஆளுக்கு 5 வாட் என்றே வைத்தாலும் நான்குக்கு 20 வாட், எஸ்எம்பிஎஸ் 60 வாட் தரும். போதாமல் போனால் மற்ற மூன்றும் சேர்ந்தே தடுமாற வேண்டும். இங்கே தூரத்தில் இருப்பது மட்டும் சாகிறது. சொட்டுநீர்க் குழாயில் கடைசித் தென்னைக்குத் தண்ணீர் எட்டாத மாதிரி, வழியிலேயே வோல்ட் இறங்கிவிடுகிறது.

மல்டிமீட்டர் இருந்தால் இதைப் பாருங்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கேட் முனையில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். பகலில் ஒரு தடவை, ஐஆர் எரியும்போது ஒரு தடவை. கேமராவைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 தான் காட்டும். வயரில் கரண்ட் ஓடாதபோது ட்ராப்பும் (வோல்ட் இறக்கம்) இருக்காது. நிறையப் பேர் இதைப் பார்த்துத்தான் வயர் நல்லதென்று முடிவு கட்டுகிறார்கள்.

அப்புறம் பவரை ஆஃப் செய்து, வயரின் இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு, கேட் பக்கத்தில் இரண்டு கோரையும் சேர்த்து முறுக்குங்கள். ஆபீஸ் பக்கம் ஓம் வைத்துப் பாருங்கள். மீட்டர் வயர்கள் இரண்டையும் ஒன்றோடு ஒன்று தொட்டால் காட்டும் ஓமை அதில் கழித்துக்கொள்ளுங்கள். முறுக்கியதைப் பிரித்துவிட்டுத்தான் பவர் கொடுக்க வேண்டும்.

காங்கேயம் களம்:
பார்த்துவிட்டேன் அண்ணா. ஆபீஸ் பக்கம் 12.1 வோல்ட். கேட்டில் பகலில் 10.7. இருட்டியதும் 7, 8 என்று ஆடி, கேமரா அணைகிறது, உடனே ஏறுகிறது, திரும்ப இறங்குகிறது. ஓம் 8.3 காட்டியது, மீட்டர் வயருக்கு 0.3 கழித்தால் 8. கேமரா பெட்டியில் 12 வோல்ட், கூட்டிக் குறைத்து 10 சதவீதம், அதிகபட்சம் 4.5 வாட் என்று இருக்கிறது.

பல்லடம் வயரிங்:
அந்த 8 ஓம்தான் விஷயம். கரண்ட் போய்த் திரும்ப வர வேண்டும், அதனால் 90 மீட்டர் தூரத்துக்கு 180 மீட்டர் செம்பு என்று கணக்குப் போட வேண்டும். 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர், கம்பியின் பருமன்) செம்புக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு அதிகபட்சம் 26 ஓம். 180 மீட்டருக்கு 4.7 ஓம் வர வேண்டும். உங்களுக்கு 8 வருகிறது. ஒன்று, அச்சடித்த அளவுக்குக் கம்பி இல்லை. இல்லாவிட்டால் அது செம்பே இல்லை, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். மேலே சிவந்து உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் ஈயம் பூசிய செம்பு, அது நல்லதுதான். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. நடுவில் எங்காவது ஜாயிண்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வோல்ட் குறையக் குறைய, அதே வேலைக்குக் கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும். கரண்ட் ஏறினால் ட்ராப்பும் ஏறும். 8 ஓம் வயரில் 4.5 வாட் எடுப்பது விளிம்பில் நிற்பது போலத்தான், அதனால்தான் மெதுவாக மங்காமல் பட்டென்று அணைகிறது.

ஈரோடு கேமரா:
எஸ்எம்பிஎஸ்ஸில் சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதைத் திருப்பி 13.5 வைத்தால் ஓடிவிடும். நிறைய இடத்தில் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

பல்லடம் வயரிங்:
வேண்டாம் தம்பி. பக்கத்தில் இருக்கிற மூன்று கேமராவுக்கும் அந்த 13.5 அப்படியே போகும். 10 சதவீதம் என்று எழுதியிருக்கும்போது 13.2 தான் மேல் எல்லை. 12.5 வரை வைப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, அதற்கு மேல் அடுத்தவர் கேமராவை வைத்து விளையாடக் கூடாது.

காங்கேயம் களம்:
சுரண்டினேன், உள்ளே வெள்ளை. நடுவில் டேப் சுற்றிய ஜாயிண்ட் ஒன்றும் இருக்கிறது. நல்ல செம்பில் 0.75 போட்டால் போதுமா?

பல்லடம் வயரிங்:
போதாது. உங்கள் 12.1 வோல்ட், 4.5 வாட், 90 மீட்டரை வைத்துப் போட்டுப் பார்த்தேன். கேமரா முனையில் ராத்திரி கிடைப்பது:

0.75 ஸ்கொயர்: சுமார் 10 வோல்ட்
1 ஸ்கொயர்: 10.6
1.5 ஸ்கொயர்: 11.1
2.5 ஸ்கொயர்: 11.5

கேமராவுக்குக் குறைந்தது 10.8 வேண்டும். அதனால் 1.5 வாங்குங்கள். 2.5 இந்த ஒரு கேமராவுக்கு வீண் செலவு. கடையில் 'கேமரா வயர்' என்று கேட்காமல் '1.5 ஸ்கொயர், இரண்டு கோர், மேலுறையோடு, முழுச் செம்பு' என்று கேளுங்கள். ஐ.எஸ். 694 (பிவிசி வயருக்கான இந்தியத் தரம்) முத்திரை பார்த்து வாங்குங்கள். முனையைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள், தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். முடிந்தால் அங்கேயே காயிலின் ஒரு முனையில் இரண்டு கோரையும் முறுக்கி, மறுமுனையில் ஓம் பாருங்கள். 90 மீட்டர் காயிலில் 2.4 ஓமுக்குள் வர வேண்டும்.

உடுமலை தோப்பு:
செலவைக் குறைக்க ஒரு வழி. ஆபீஸில் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வைத்து, கேட்டில் எல்எம்2596 என்ற வோல்ட் இறக்கும் சின்ன போர்டு ஒன்றை மாட்டி 12 ஆக இறக்கலாம். 24 இல் கரண்ட் கிட்டத்தட்டப் பாதிதான் ஓடும், வழியில் 2 வோல்ட் போனாலும் 22 வரும், அதிலிருந்து 12 எடுப்பதில் சிரமமே இல்லை. பழைய வயரிலேயே ஓடும். எங்கள் தோப்பில் கிணற்றடிக் கேமரா இப்படித்தான் ஓடுகிறது.

பல்லடம் வயரிங்:
நல்ல யோசனை, கணக்கும் சரி. இரண்டு எச்சரிக்கை மட்டும். போர்டின் திருகை வைத்து 12 க்குக் கொண்டுவந்து, மீட்டரில் பார்த்த பிறகே கேமராவை இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நொடியிலேயே 20 வோல்ட்டுக்கு மேல் போய்க் கேமரா கருகும். போர்டை மழை போகாத பெட்டியில் வையுங்கள். களத்து வெயிலில் பெட்டி கொதிக்கும், நிழல் பக்கம் மாட்டுங்கள்.

ஈரோடு கேமரா:
கேட்டுக்குப் பக்கத்தில் மோட்டார் ரூம் இருந்தால் அங்கேயே ஒரு அடாப்டர் போட்டுவிடலாமே?

பல்லடம் வயரிங்:
இலவச விவசாய இணைப்பு என்றால் அதில் இழுக்கவே கூடாது, அது விவசாயத்துக்கென்று கொடுத்தது. களத்து இணைப்பிலிருந்தே 230 வோல்ட்டைக் கேட் வரை கொண்டு போகலாம். ஆனால் அதை கோஆக்ஸியலோடு ஒரே பைப்பில் போடாதீர்கள், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் எர்த் வித்தியாசப்பட்டால் படத்தில் கோடு ஓடும்.

காங்கேயம் களம்:
1.5 முழுச் செம்பு வாங்கி மாற்றிவிட்டோம். காயில் 2.3 ஓம் காட்டியது. நடுவில் ஜாயிண்ட் இல்லாமல், வெயிலில் வெடிக்காமல் இருக்க பிவிசி பைப்புக்குள் போட்டிருக்கிறோம். ராத்திரி கேட்டில் 11.1, நீங்கள் சொன்ன அதே அளவு. விடியும்வரை ஒரு தடவைகூடப் போகவில்லை. ரொம்ப நன்றிங்க. லாரி நம்பர் தெரிய கேட்டில் இன்னொரு கேமரா, இதே வாட்டில் வைக்கச் சொல்கிறார் அப்பா. இதே வயரில் கொடுக்கலாமா?

பல்லடம் வயரிங்:
கூடாது. 9 வாட் ஆகிவிடும், 1.5 இல் கேட்டில் 9.9 தான் வரும், பழைய கதை திரும்பும். இரண்டுக்கும் சேர்த்து 2.5 போட்டால்கூட 10.9, அதுவும் ஓரத்தில்தான் நிற்கும். புதுக் கேமராவுக்குத் தனியாக இன்னொரு 1.5 இழுங்கள், பைப்பில் இடம் இருக்கும். ஐபி கேமராவாக (நெட்வொர்க் கேபிளில் ஓடுவது) வாங்கினால் முழுச் செம்பு கேட்6 (Cat6) நெட்வொர்க் கேபிள் ஒன்றே போதும். பிஓஇ சுவிட்ச் (அதே கேபிளில் பவரும் அனுப்பும் பெட்டி) 48 வோல்ட்டில் கொடுப்பதால் இந்த ட்ராப் தொல்லை பெரிதாக வராது, 100 மீட்டர் வரை தாங்கும். டிவிஆர் அந்தக் கேமராவை எடுக்குமா என்று மட்டும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.