கட்டடங்களுக்கு மக்கள் சூட்டும் பட்டப்பெயர்கள்: கேலியா, செல்லமா?

நிழற்கோடு (கேள்வி):
நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைத்து 2004இல் லண்டனில் திறக்கப்பட்ட 180 மீட்டர் உயரக் கோபுரத்தின் முறையான பெயர் '30 செயின்ட் மேரி ஆக்ஸ்' என்பதாகும். ஆனால் 'கெர்கின்', அதாவது ஊறுகாய் வெள்ளரிக்காய், என்று சொன்னால்தான் பலருக்கும் எந்தக் கட்டடம் என்றே விளங்குகிறது. இவ்வளவு பொருட்செலவில் கட்டியவர்களுக்கு இத்தகைய பெயர்கள் எரிச்சலூட்டாதா? விசித்திரமான கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்வதில்லையே, சிலவற்றுக்கு மட்டும் ஒட்டுவது ஏன்?

தூணும் உத்தரமும் (பதில்):
தொலைவிலிருந்து பார்க்கும்போது கட்டடத்தின் புறக்கோடு ஒரே ஒரு பொருளை நினைவூட்ட வேண்டும். அந்தப் பொருளும் அன்றாடம் கையில் புழங்குவதாக இருந்தால் பெயர் நிலைத்துவிடுகிறது என்பது என் கருத்து. ஷாங்காயில் 492 மீட்டர் உயரத்தில் நிற்கும் உலக நிதி மையத்தின் உச்சியில் முதலில் வட்டமான திறப்பு ஒன்றைத்தான் திட்டமிட்டிருந்தார்கள். அது ஜப்பானியக் கொடியின் உதயசூரியனைப் போல் இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பியதால் திறப்பைச் சரிவக வடிவத்துக்கு மாற்றினார்கள். ஒன்றைத் தவிர்க்கப் போய் 'பாட்டில் திறப்பான்' என்ற பெயர் வந்து சேர்ந்தது. சாய்ந்த இரு கோபுரங்களை மேலே இணைத்துக் கட்டிய பெய்ஜிங் சீன மத்தியத் தொலைக்காட்சித் தலைமையகத்தை ஊர்மக்கள் 'பெரிய டவுசர்' என்கிறார்கள். அந்தக் கட்டடத்தின் படத்தை ஒருமுறை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

சாரம் (பதில்):
எரிச்சல் பற்றிக் கேட்டிருந்தீர்கள், நண்பரே. லண்டனின் 'ஷார்ட்' (Shard, அதாவது சில்லு) கோபுரத்தைத் திட்ட நிலையிலேயே எதிர்த்த மரபுப் பாதுகாப்பு அமைப்பு, அது நகரின் நெஞ்சில் பாயும் கண்ணாடிச் சில்லு என்று சாடியது. கட்டியவர்களோ அந்தச் சில்லையே அதிகாரப்பூர்வப் பெயராக்கிக்கொண்டார்கள். வசவை வாங்கி நெற்றியில் பொட்டாக வைத்துக்கொண்ட இந்தச் சாமர்த்தியத்தை நான் மிகவும் ரசிக்கிறேன்.

எல்லோருக்கும் அந்த வாய்ப்பு அமைவதில்லை. அதே நகரில், மேலே போகப் போக அகன்று செல்லும் 20 ஃபென்சர்ச் தெருக் கட்டடத்துக்கு 'வாக்கி டாக்கி' என்று பெயர். 2013இல் அதன் உட்குழிந்த தெற்கு முகம் வெயிலைக் குவித்துத் தெருவில் வீழ்த்தியதில், அங்கே நிறுத்தியிருந்த காரின் பாகங்கள் உருகிப்போயின. உடனே பெயரும் 'வாக்கி ஸ்கார்ச்சி' ('ஸ்கார்ச்' என்றால் பொசுக்குவது) என்று மாறியது. வெயில் தடுப்புப் பட்டைகளைப் பொருத்திய பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. அருகிலுள்ள 'சீஸ் துருவி' என்ற கட்டடம் ஒரு பக்கம் சரிந்திருப்பதற்கோ உருப்படியான காரணம் உண்டு: ஃப்ளீட் தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குச் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடம் மறையக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள்.

முற்றம் (பதில்):
கட்டடக் கலைஞர்களே முந்திக்கொண்டு பெயர் சூட்டுவதும் உண்டு. பிராகில் 1996இல் முடிக்கப்பட்ட 'நடனமாடும் வீடு', ஃபிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் என்ற திரைப்பட நடன இணையை மனத்தில் கொண்டு 'ஃபிரெட்டும் ஜிஞ்சரும்' என்று அழைக்கப்பட்டது. அழகான பெயர்தான், ஆனால் தெருவில் பிறந்த பெயர்களின் குறும்பு அதில் இல்லை. பெர்லினில் 1957இல் எழுந்த மாநாட்டு மண்டபத்தின் வளைந்த கூரையைப் பார்த்த நகரவாசிகள் அதைக் 'கர்ப்பிணிச் சிப்பி' என்றார்கள். 1980இல் அந்தக் கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 1987இல் மீண்டும் கட்டித் திறந்தார்கள். பின்னர் உலகப் பண்பாடுகளின் இல்லம் என்று கட்டடத்தின் பெயரையும் பயனையும் மாற்றினார்கள். சிப்பி மட்டும் இன்றுவரை சிப்பியாகவே இருக்கிறது.